வயிற்றில் அறுவை, மூச்சில் மாற்றம்

மாணவர்களே, வாசிக்கத் தொடங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. நேராக உட்காருங்கள். எப்போதும்போல் மூச்சை உள்ளே இழுத்து, எப்போதும்போல் வெளியே விடுங்கள். விட்டு முடித்ததும் அப்படியே ஒரு விநாடி நிறுத்துங்கள். இப்போது வயிற்றை இறுக்கி மேலும் ஊதுங்கள். காற்று இன்னும் வருகிறது அல்லவா?

சாதாரண மூச்சு முடிந்த பிறகும் நம்மால் ஊதி வெளியேற்ற முடிகிற இந்தக் காற்றை 'வெளிமூச்சுக் கையிருப்பு' என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவரிடம் இது ஏறக்குறைய ஒரு லிட்டர் இருக்கும். உடல் பருமன் கூடும்போது நுரையீரலில் முதலில் குறைவது இந்தக் கையிருப்புதான். நுரையீரல் ஏற்கெனவே நோய்ப்பட்டிருந்தால் இந்த இழப்பு இரட்டிப்பாகத் தாக்கும்.

அப்படிப்பட்ட ஒருவருக்கு மருத்துவர்கள் நெஞ்சைத் தொடாமல் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். இரைப்பை சிறிதாகிறது, எடை குறைகிறது, மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு ஓடும் தடவைகளும் குறைகின்றன. வயிற்றில் செய்த வேலை நுரையீரலுக்கு எப்படி உதவுகிறது? எந்த அளவுக்கு உதவுகிறது, எங்கே நின்றுவிடுகிறது? இந்த வாரம் இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இது நம் வீட்டுக் கதைதானா?

பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த உங்கள் பாட்டன் பாட்டிமார் விடியும் முன்பே எழுந்து, நூற்றுக்கணக்கான பால்மரங்களை நடந்து நடந்தே சீவியவர்கள். அவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். கடைக்குப் போவதும் மோட்டார் சைக்கிளில்தான். நடை குறைந்தது, நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தே தாரேயும் குறையவில்லை.

சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். இரண்டு பேரில் ஒருவருக்கு மேல்! வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது இந்தியர்களிடையே அதிகம் என்பதை 2019ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மூச்சைப் பொறுத்தவரை, தொடையில் சேரும் கொழுப்பைவிட வயிற்றில் சேரும் கொழுப்பே கூடுதல் தொல்லை தரும். காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "வயசாகிவிட்டது, உடம்பும் பெருத்துவிட்டது, மூச்சு வாங்கத்தான் செய்யும்." இப்படிச் சொல்லி விட்டுவிடும்போது, உடல் பருமனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நுரையீரல் நோய் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமலே போகலாம்.

அடைபட்ட குழாய்கள்

அந்த நோயின் பெயர் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். கிளினிக்கில் சுருக்கமாக 'சிஓபிடி' என்பார்கள். 2021இல் இந்நோயால் உலகெங்கும் 3.5 மில்லியன் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. உலகில் மரணத்துக்கான காரணங்களில் இது நான்காவது.

நம் நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணறைகள், அதாவது ஆல்வியோலஸ் பைகள் இருப்பதைப் படிவம் 3இல் படித்திருப்பீர்கள். அவற்றின் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் வரும். ஒரு பூப்பந்து மைதானத்தைவிடச் சற்றே சிறிய பரப்பு அது. புகை ஆண்டுக்கணக்கில் உள்ளே போகும்போது இரண்டு கேடுகள் நடக்கின்றன. முதலாவது, மூச்சுக்குழாய்களின் உட்சுவர் வீங்கி, சளி மிகுந்து, வழி குறுகுகிறது. இரண்டாவது, நுண்ணறைகளின் சுவர்கள் கிழிந்து, பல சிறு பைகள் ஒரே பெரிய தொளதொளத்த பையாகிவிடுகின்றன. அவ்வளவு பெரிய மைதானம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. கிழிந்த சுவர் மீண்டும் வளர்வதில்லை.

முதல் குற்றவாளி சிகரெட். ஆனால் அது மட்டுமே அல்ல. தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்கும் பழக்கமே இல்லாத பெண்களைப் பரிசோதித்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 100 பேரில் இருவருக்கு மேல் இந்நோய் இருந்தது தெரியவந்தது. விறகடுப்புப் புகையின் பங்கை அறிவதற்காகவே அந்த ஆய்வு நடத்தப்பட்டது. கொசுவர்த்திச் சுருளையும் இங்கே சொல்ல வேண்டும். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்படும் சுருள்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று அதில் கண்டார்கள். கதவு, ஜன்னலை அடைத்துவிட்டுச் சுருளைக் கொளுத்திப் படுக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நோயைக் கண்டுபிடிக்க ஸ்பைரோமெட்ரி என்ற எளிய ஊதும் சோதனை இருக்கிறது. முழு மூச்சை இழுத்துக் குழாயில் வேகமாக ஊத வேண்டும். மொத்தமாக ஊதிய காற்றில் எவ்வளவு பங்கு முதல் விநாடியிலேயே வெளியே வந்தது என்று கருவி கணக்கிடும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அந்தப் பங்கு 0.70க்குக் கீழே இருந்தால் குழாய்களில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். ஆஸ்துமாவிலும் குழாய் சுருங்கும். ஆனால் அது மருந்தால் பெரும்பாலும் திரும்ப விரியும். சிஓபிடியில் முழுமையாக விரியாது. இரண்டு நோய்க்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுவே.

வயிறு நுரையீரலைத் தள்ளும் விதம்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள மணிக்குடுவை மாதிரியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு பலூன்கள் நுரையீரல்கள். அடியில் கட்டிய ரப்பர் தோல், பாடநூல் 'டயாஃப்ராக்மா' என்று சொல்லும் உதரவிதானம். ரப்பரைக் கீழே இழுத்தால் பலூன் விரியும். இப்போது உங்கள் நண்பர் தன் முட்டியால் அந்த ரப்பரை அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தியபடியே இருக்கட்டும். நீங்கள் ரப்பரை இழுக்க எவ்வளவு சிரமப்படுகிறீர்கள்? பலூன் எவ்வளவு விரிகிறது?

அந்த முட்டியின் வேலையைத்தான் வயிற்றுக் கொழுப்பு செய்கிறது. கனடாவில் நடந்த ஓர் ஆய்வு இதை 2006இல் எண்களாகக் காட்டியது. உடல் நிறைக் குறியீடு 20 உள்ளவரின் வெளிமூச்சுக் கையிருப்பை 100 என்று கொண்டால், குறியீடு 30 உள்ளவரிடம் அது 47 மட்டுமே. நீங்கள் முதலில் செய்து பார்த்தீர்களே, அந்தக் கூடுதல் காற்றில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடுகிறது.

உடல் நிறைக் குறியீடு என்பது கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். 1.6 மீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ளவருக்கு 90 ÷ 2.56, அதாவது ஏறக்குறைய 35. (இந்த அளவுகோல் பெரியவர்களுக்கு உரியது. உங்கள் வயதினருக்கு வயதையும் சேர்த்துப் பார்க்கும் தனி அட்டவணை இருக்கிறது. ஆகவே, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கவலைப்பட வேண்டாம்.)

கையிருப்பு குறைந்தால் என்ன கெட்டுவிடும்? நுரையீரலின் மிகச்சிறிய மூச்சுக்குழாய்களுக்குக் குருத்தெலும்பு வளையம் கிடையாது. சுற்றியுள்ள நுரையீரல் திசுதான் கூடாரத்தைக் கயிறுகள் நாலு பக்கமும் இழுத்துப் பிடிப்பதுபோல அவற்றைத் திறந்து வைத்திருக்கிறது. நுரையீரல் விரிவது குறைந்தால் கயிறு தளர்கிறது. அடிப்பகுதியில் உள்ள சிறு குழாய்கள் மூடிக்கொள்கின்றன. சிஓபிடி நோயாளியிடம் அந்தக் கயிறுகளில் பல ஏற்கெனவே அறுந்தவை. மிச்சம் உள்ளவற்றையும் பருமன் தளர்த்திவிடுகிறது.

இதோடு ஒரு சுழலும் சேர்ந்துகொள்கிறது. மூச்சு வாங்குவதால் நடப்பதில்லை. நடக்காததால் எடை ஏறுகிறது. எடை ஏறியதால் இன்னும் மூச்சு வாங்குகிறது. நோய் திடீரென்று முற்றும்போது கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரையை அடிக்கடி எடுக்க நேர்ந்தால், பசியும் எடையும் அதனாலும் கூடும்.

கொழுப்பு சும்மா இருப்பதில்லை

கொழுப்பு என்பது வெறும் சேமிப்புக் கிடங்கு என்றுதான் நீண்டகாலம் நினைத்திருந்தார்கள். 1993இல் ஹோதாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகிய ஆய்வாளர்கள் பருத்த எலிகளின் கொழுப்புத் திசு 'டிஎன்எஃப்-ஆல்ஃபா' என்ற அழற்சிப் பொருளைச் சுரப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு, கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கிடங்கு என்று நினைத்தது ஒரு சுரப்பியாகவும் வேலை செய்கிறது என்பது அப்போது தெரிந்தது.

அழற்சி என்றால் என்ன? கொசு கடித்த இடம் சிவந்து, வீங்கி, சுடுகிறதே, அதுதான். கிருமியை எதிர்க்க உடல் அனுப்பும் படை அது. வேலை முடிந்ததும் படை திரும்பிவிட வேண்டும். திரும்பாமல் ஆண்டுக்கணக்கில் முகாமிட்டால் அது நாட்பட்ட அழற்சி. சிஓபிடி நோயாளியின் மூச்சுக்குழாயில் இப்படி ஒரு படை ஏற்கெனவே தங்கியிருக்கிறது. புகைப்பதை விட்ட பிறகும் அது முழுதாக விலகுவதில்லை. உடல் பருமன் உள்ளவரின் இரத்தத்தில் கொழுப்புத் திசுவிலிருந்து வரும் அழற்சிப் பொருள்களும் கூடுதலாக ஓடுகின்றன. எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் விறகு அடுக்கி வைத்ததுபோல நிலைமை ஆகிவிடுகிறது.

வயிற்றில் என்ன செய்கிறார்கள்?

எடைக்குறைப்பு அறுவைக்கு நீண்ட வரலாறு உண்டு. இரைப்பை மாற்றுப்பாதை அறுவையை அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1960களில் அறிமுகப்படுத்தினார். இரைப்பையின் மேற்பகுதியில் முட்டை அளவு சிறு பை ஒன்றை ஒதுக்கி, அதைச் சிறுகுடலோடு நேரே இணைப்பது அந்த முறை. இன்று உலகில் அதிகம் செய்யப்படுவது வேறொன்று. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். இரண்டும் இப்போது பெரும்பாலும் சிறு துளைகள் வழியே, கேமரா உதவியோடு செய்யப்படுகின்றன.

இடம் சிறிதாவதால் மட்டும் எடை குறைவதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் கண்டுபிடித்தார்கள். அது அதிகம் சுரப்பது வெட்டி எடுக்கப்படும் அந்த இரைப்பைப் பகுதியில்தான். அதனால் பசியின் குரலே தணிகிறது. ஓராண்டில் உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைவது வழக்கம். 90 கிலோ இருந்தவர் 68 கிலோவை நெருங்கலாம்.

இந்த அறுவை எல்லாருக்கும் உரியதல்ல. குறியீடு 35ஐத் தாண்டியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாம் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் சங்கமும் அனைத்துலகச் சங்கமும் 2022இல் சொல்லின. ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே கருத்தில் கொள்ளலாம் என்றும் குறிப்பிட்டன. ஒரே குறியீட்டில் நம்மவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவு ஆபத்தும் கூடுதலாக இருப்பதே இதற்குக் காரணம்.

481 பேரின் கணக்கு

இனி, முக்கியமான ஆய்வுக்கு வருவோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ததாஹிரோ கோத்தோ, கோஹெய் ஹசேகாவா ஆகியோர் அடங்கிய குழு அதை 2018இல் வெளியிட்டது. கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, நெப்ராஸ்கா மாநிலங்களில் எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்ட, 40 முதல் 65 வயது வரையிலான 481 சிஓபிடி நோயாளிகளின் மருத்துவமனைப் பதிவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் அறுவைக்கு முந்திய இரண்டு ஆண்டுகளையும் பிந்திய இரண்டு ஆண்டுகளையும் பார்த்தார்கள். நோய் முற்றி அவசரப் பிரிவுக்கோ வார்டுக்கோ வந்தவர்கள் எத்தனை பேர்?

100 பேருக்கு என்று கணக்கிட்டால்:

அறுவைக்கு முந்திய இரண்டாம் ஆண்டில் 28 பேர்.
அறுவைக்கு முந்திய ஓராண்டில் 31 பேர்.
அறுவைக்குப் பிந்திய முதல் ஆண்டில் 12 பேர்.
பிந்திய இரண்டாம் ஆண்டில் 13 பேர்.

பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இறங்கியது இரண்டாம் ஆண்டிலும் ஏறவில்லை.

இந்த ஆய்வின் அமைப்பைக் கவனியுங்கள். அறுவை செய்துகொண்டவர்களை, செய்துகொள்ளாத வேறு ஆட்களோடு ஒப்பிட்டிருந்தால், 'அவர்கள் வேறு, இவர்கள் வேறு' என்று நாம் கேள்வி எழுப்பலாம். இங்கே ஒவ்வொருவரும் தன்னோடு தானே ஒப்பிடப்படுகிறார். மரபணு, பால், பிறந்து வளர்ந்த சூழல் எல்லாம் தாமாகவே கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் ஆகிவிடுகின்றன. அறுவை தற்சார்பு மாறி. மருத்துவமனை வருகை சார்பு மாறி.

ஆனாலும் நல்ல அறிவியல் மாணவர் இங்கே கையை உயர்த்த வேண்டும். அறுவைக்கு முன் புகைப்பதை நிறுத்தும்படி மருத்துவர்கள் நோயாளிகளைக் கேட்டுக்கொள்வார்கள். மூச்சு சீரானதில் அதற்கும் பங்கு இருக்காதா? இருக்கலாம். எடை குறைந்ததால் எவ்வளவு, அழற்சி தணிந்ததால் எவ்வளவு, புகை நின்றதால் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட மருத்துவமனைப் பதிவுகள் மட்டும் போதாது. பலன் தெரிகிறது, அந்தப் பலன் எந்த வழியில் வந்தது என்பதை இந்த எண்கள் தனித்தனியே சொல்வதில்லை.

ஆஸ்துமாவிலும் இதே போக்கு தெரிந்தது. ஹசேகாவா குழு 2015இல் 2,261 பேரை இதே முறையில் ஆராய்ந்தது. ஆண்டுக்கு 100 பேரில் 22 பேர் மருத்துவமனைக்கு வந்த நிலை, அறுவைக்குப் பின் 11 பேராகப் பாதியானது.

அறுவை செய்யாதவை

எடை இறங்கினால் நண்பரின் முட்டி ரப்பரிலிருந்து விலகுகிறது. சிறு குழாய்கள் திறக்க இடம் கிடைக்கிறது. இரத்தத்தில் அழற்சிப் பொருள்கள் குறைகின்றன. உடலைச் சுமக்கத் தேவையான ஆக்சிஜனும் குறைகிறது. நெஞ்சுக்கு வெளியே நடக்கும் மாற்றங்கள் பெரியவை.

ஆனால் கிழிந்த நுண்ணறையில் ஒன்றுகூட இதனால் ஒட்டுவதில்லை. சிஓபிடி குணமாவதில்லை. இன்ஹேலரை நிறுத்த முடியாது. யாராவது "வயிற்றைக் குறைத்தால் நுரையீரல் நோய் போய்விடும்" என்று விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

ஆபத்துகளும் உண்டு. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்தப் பெரிய அறுவையிலும் சிஓபிடி நோயாளிக்கு நிமோனியா போன்ற சிக்கல்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். தையல் இட்ட இடத்தில் கசிவும் இரத்தக் கட்டியும் அரிதாக நேரலாம். இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் பி12 ஆகியவை வாழ்நாள் முழுதும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுப்பாதை அறுவைக்குப் பிறகு மீண்டும் புகைத்தால் இணைப்பு இடத்தில் புண் வரும் வாய்ப்பு அதிகம். நுரையீரலைக் கெடுத்த அதே புகை, உதவ வந்த அறுவையையும் கெடுக்கிறது.

மெலிந்தவருக்கு வேறு பேச்சு

'அப்படியானால் சிஓபிடி உள்ள எல்லாரும் எடையைக் குறைக்க வேண்டும்' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நோயின் கடுமையை மதிப்பிட மருத்துவர்கள் 'போட்' என்ற புள்ளிக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். 2004இல் உருவான அந்தக் கணக்கில் புள்ளி ஏறினால் ஆபத்தும் ஏறும். உடல் நிறைக் குறியீடு 21 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அங்கே ஒரு புள்ளி கூடுகிறது! நோய் முற்றியவர்கள் மூச்சு விடுவதற்கே அதிக ஆற்றலைச் செலவழிப்பார்கள், தசை கரைந்துபோகும். மெலிந்த தாத்தாவுக்குத் தேவை நல்ல புரதச் சாப்பாடு. அவரைப் பட்டினி போடக்கூடாது. பருத்தவருக்கும் குறைய வேண்டியது கொழுப்புதான், தசை அல்ல. அதனால்தான் அறுவைக்குப் பிறகும் முட்டை, மீன், பருப்பு, நடைப்பயிற்சி என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

அறுவை உங்கள் கையில் இல்லை. ஆனால் சில காரியங்கள் உங்கள் கையில் இருக்கின்றன.

வீட்டில் யாருக்காவது மாதக்கணக்கில் இருமலும் சளியும் இருந்தால், அல்லது முன்பு நடந்த தூரத்தை இப்போது நடக்க முடியாமல் நின்று நின்று போனால், 'உடம்பு பெருத்ததால்தான்' என்று விடாதீர்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். ஊதும் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

இடுப்புச் சுற்றளவை அளக்க ஒரு தையல் நாடா போதும். ஆசியப் பெரியவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எச்சரிக்கைக் கோடு. இந்தத் தீபாவளி விடுமுறையில் அப்பா, அம்மாவுக்கு அளந்து பாருங்களேன்.

புகைப்பவர் இருந்தால், சண்டை போடாமல், கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவும் சேவை இருப்பதைச் சொல்லுங்கள். எந்த வயதில் விட்டாலும் நுரையீரலின் தேய்வு வேகம் குறையும்.

கடைசியாக உங்களுக்கே. நம் நாட்டு இளையோரிடையே வேப் பழக்கம் 2017இல் 9.8 விழுக்காடாக இருந்து 2022இல் 14.9 விழுக்காடாக உயர்ந்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சிகரெட்டோ வேப்போ விற்பது 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டப்படி குற்றம். சட்டம் கடைக்காரரைத் தடுக்கும். நண்பன் நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். உங்கள் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இருபது வயதையொட்டித்தான் அது முழு வளர்ச்சி அடையும். இப்போது சேதமானால், பிறகு வயிற்றிலோ நெஞ்சிலோ எந்த அறுவை செய்தும் அதைத் திரும்பப் பெற முடியாது.